கண்ணாடி மூடியில் ஒரு ரேகை

அத்தியாயம் பதினான்கு

கடல் முதலில் வள்ளத்தைத் திருப்பித் தந்தது. அடுத்த நாள் மில்ரனின் உடலைத் தந்தது. ஜெனோஜனை மட்டும் தரவில்லை.

சிலாவத்துறைக்குத் தெற்கே கவிழ்ந்து மிதந்த வள்ளத்தை ஊர்க்காரர் கயிறு கட்டி இழுத்து வந்து வங்காலைக் கரையில் ஏற்றிவிட்டார்கள். அன்று ஜெனோஜனோடு தொழிலுக்குப் போக வேண்டியவர் அவனுடைய அப்பா சந்தியோகு. காய்ச்சலில் படுத்துவிட்டார். அவருடைய இடத்தில் போனவன்தான் மில்ரன், அவருடைய அக்காவின் மகன்.

அது நடந்து இரண்டு மாதமாகிறது. "பிள்ளை எங்கயாவது கரை சேர்ந்திருப்பான்" என்றே சொல்லிக்கொண்டிருந்த ஜெனோஜனின் அம்மா அன்ரோனெற், போன ஞாயிறு பூசை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் மகள் டினோஜாவிடம் சொன்னாள்.

"பெட்டி வைப்பம் பிள்ளை. மெழுகுதிரி கொளுத்த எனக்கொரு இடம் வேணும்."

இன்று பின்னேரம் அடக்கம்.

நடுவீட்டில் இரண்டு மர வாங்குகளின் மேல் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே வெள்ளைத் துணி விரித்து, ஜெனோஜன் நத்தார்ப் பண்டிகைக்கு உடுக்க எடுத்த நீலச் சேட்டு ஒன்றை வைத்திருந்தார்கள். அதன்மேல் செபமாலை. ஆளுடைய நீளத்துக்குச் செய்த பெட்டிக்குள் அந்தச் சேட்டு மிகச் சின்னதாகத் தெரிந்தது.

அன்ரோனெற் ஒரு றோபோப் பொம்மையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அது ஒரு முழ உயரம். வெள்ளை உடம்பு, கையில் வாள், முதுகில் சிறகுபோல விரிந்த நீலச் செட்டைகள். யப்பான் கார்ட்டூன்களில் மனிதர் உள்ளே ஏறியிருந்து ஓட்டும் இராட்சத இயந்திர வீரர்களில் ஒன்று. இடம்பெயர்ந்து இந்தியாவில் மண்டபம் முகாமில் இருந்த நாளில், பக்கத்துக் கொட்டில் ரிவியில் அவற்றைத் தமிழில் பார்த்துத்தான் ஜெனோஜனுக்கு அந்தப் பித்து ஏறியது. நெருப்புப் பெட்டியிலும் பவுடர் ரின்னிலும் செய்யத் தொடங்கியவன், ஊர் திரும்பிக் கடலுக்குப் போகத் தொடங்கியபின் மாதிரிப் பொம்மைத் துண்டுகள் அடங்கிய பெட்டிகளை வாங்கி, ஒவ்வொன்றாக வெட்டியெடுத்துப் பொருத்தினான்.

அன்ரோனெற்றுக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது. செட்டையும் வாளும் இருந்ததால் அவளுக்கு அது மிக்கேல் சம்மனசு, வாளேந்திய வானதூதர். சனிக்கிழமைகளில் மாதாவின் சுரூபத்தைத் துடைக்கும்போது பக்கத்திலிருக்கும் அதையும் துடைப்பாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் "என்ர பிள்ளை கையால செய்தது" என்று காட்டுவாள்.

"அக்கா, விளையாட்டுச் சாமானைப் பெட்டிக்குள்ள வைச்சால் ஃபாதர் ஏசமாட்டாரோ?" என்று கேட்டாள் அவளுடைய தங்கை றோஸ்மேரி.

"கேட்டனான். அவன்ர கையால செய்ததெண்டால் வையுங்கோ, உடம்புக்குப் பதிலா அது இருக்கட்டும் எண்டவர்."

"வாளையாவது கழட்டுங்கோவன். செபமாலைக்குப் பக்கத்தில வாள்…"

"மிக்கேல் சம்மனசிட்ட வாள் இல்லையோ? நீ போய்த் தேத்தண்ணியைப் போடு."

வாசலடிக் கதிரையில் சந்தியோகு இருந்தார். விடிந்ததிலிருந்து அவர் அந்தக் கதிரையை விட்டு எழவில்லை.

"இஞ்சருங்கோ, வந்து பாருங்கோவன்," என்று கூப்பிட்டாள் அன்ரோனெற்.

அவர் எழுந்து வந்தார். பெட்டியின் விளிம்பில் கை வைத்து உள்ளே பார்த்தார்.

"சேட்டு. பொம்மை," என்றார். "ஆளில்லாத பெட்டி. இதை நான் தூக்கமாட்டன்."

"பெத்த தேப்பன் தூக்காமல் ஆர் தூக்கிறது?"

"ஊரில ஆக்கள் இருக்கினம்."

"அவன் செய்தது. அவன்ர கை பட்டது."

"பட்டதுக்கு என்ன அடையாளம் இருக்கு? கடையில கிடந்தாலும் இப்பிடித்தான் கிடக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் டினோஜாவுக்குப் பயமாக இருந்தது. அவர் குசினிக்குப் பின்னால் போனார். வள்ளத்து எஞ்சினுக்கான மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு வாசல் படலையைத் தாண்டி நடந்தார். போன கிழமை முழுவதும் வள்ளத்தின் வெடிப்பை அடைத்துக்கொண்டிருந்தார். விற்கப்போகிறார் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள்.

அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்று டினோஜாவிடம் இருந்தது.

அவள் அண்ணனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

கண்ணாடி அலுமாரியில் எல்லாம் அவன் வைத்த ஒழுங்கிலேயே இருந்தன. மேல்தட்டில் றோபோக்கள். கீழ்த்தட்டில் போர்விமானங்கள், உலகப்போர்க் காலத்துப் பழையவற்றிலிருந்து இன்றைய ஜெட் வரை. ஒவ்வொன்றுக்குள்ளும் நெல்மணி அளவில் ஒரு விமானி இருந்தான். கண்ணுக்கும் புருவத்துக்கும்கூட மைதீட்டியிருப்பான் ஜெனோஜன். "ஆளில்லாட்டி அது வெறும் கோது" என்பான்.

அம்மா அந்தக் கீழ்த்தட்டைப் பார்ப்பதேயில்லை. சண்டை நடந்த காலத்தில் குண்டு போட வரும் கிபிர் விமானத்தின் இரைச்சல் கேட்டதும் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் விழுந்தவள் அவள். ஒரு முறை பின்னால் ஓடிவந்த அவளுடைய தம்பி குழிக்கு வந்து சேரவில்லை. "எந்தப் பிளேனையும் செய். அந்தச் சனியனை மட்டும் இந்த வீட்டுக்குள்ள எடுக்காதை." மகனுக்கு அவள் போட்ட ஒரே கட்டளை அது.

அப்படிப்பட்ட அம்மா, அண்ணனைத் தேட விமானம் வந்த அன்று கடற்கரையில் நின்றாள். அதன் செட்டையைப் பார்த்ததுமே டினோஜாவுக்குப் பெயர் தெரிந்தது. டோர்னியர். அண்ணன் படம் காட்டிச் சொல்லித் தந்தது. அம்மா தோளில் கிடந்த துவாயை விரித்து, உயர்த்தி உயர்த்தி ஆட்டினாள். "இன்னும் பதியச் சொல்லு பிள்ளை. இன்னும் பதிஞ்சு வரச் சொல்லு." ஒரு விமானம் தாழப் பறக்க வேண்டுமென்று அம்மா கேட்டது வாழ்நாளில் அன்று மட்டும்தான்.

கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள்.

வஸீர். எருக்கலம்பிட்டிக்காரன். மன்னார் பட்டினத்தில் கம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறான். அந்தக் கடையின் மூலையில் கிடந்த ஒரு பழைய கம்பியூட்டரில், ஆறுமூலைக் கட்டங்களில் படைகளை நகர்த்தும் பழங்காலப் போர் விளையாட்டு ஒன்று இருந்தது. ஞாயிறு பின்னேரங்களில் அவனும் ஜெனோஜனும் அதன் முன்னால் இருந்துவிட்டால் தேத்தண்ணி ஆறிவிடும், கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள்.

"தங்கச்சி," குரலைத் தாழ்த்திக் கேட்டான். "பெட்டிக்குள்ள கிடக்கிறது நான் குடுத்ததல்லோ?"

"ஓம் நானா." அண்ணனின் கூட்டாளியை அவள் அப்படித்தான் அழைப்பாள்.

"கொழும்பில ஒருத்தர் பொருத்தி வைச்சிருந்ததை அப்பிடியே வாங்கிக்கொண்டு வந்து அவன்ர பிறந்தநாளுக்குக் குடுத்தனான். அவன் அதில ஒரு விரலைக்கூடப் பூட்டேல்ல."

"தெரியும். அம்மா கண்டவுடன என்ர பிள்ளை செய்தது எண்டு சொல்லி மாதாவுக்குப் பக்கத்தில வைச்சிட்டா. அண்ணா சிரிச்சுப்போட்டு விட்டிட்டார்."

வஸீர் கட்டிலில் இருந்தான். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடித்தான், விரித்தான்.

"முன்பின் தெரியாத கொழும்பான் ஒருத்தன்ர கைவேலைய அடக்கம் பண்ணப்போறம். ஜெனோ இருந்தால் இதைக் கேட்டுச் சிரிச்சே செத்திருப்பான்."

சொன்னபிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்குக் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு எழுந்து அலுமாரிக்குக் கிட்டப் போனான்.

"இவ்வளவு செய்திருக்கிறான்," என்றான். "இதில ஒண்டை எடுத்து வைச்சால் என்ன?"

"அப்பா அடையாளம் கேக்கிறார், நானா."

அவள் குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சப்பாத்துப் பெட்டியை இழுத்தாள். உள்ளே பழைய துணியில் சுற்றி ஒரு விமானம் இருந்தது. முக்கோணச் செட்டை, கூரான மூக்கு, மண்ணிறமும் பச்சையும்.

"யா அல்லாஹ்," என்றான் வஸீர். "கிபிர். செய்தவன் எண்டு தெரியும். இதை வீட்டிலயே வைச்சிருந்தவன்?"

"மூடியைப் பாருங்கோ."

விமானி இருக்கும் இடத்தை மூடுகிற கண்ணாடி மூடி அது. அதன் பக்கவாட்டில் ஒரு பெருவிரல் ரேகை பதிந்திருந்தது. வளையம் வளையமாக, ஒரு கோடு விடாமல்.

அது ஒரு மழைநாள். ஜெனோஜன் மூடியை ஒட்டிக்கொண்டிருந்தான். டினோஜா பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தைக்குப் போன அம்மா நேரத்தோடு திரும்பிவிட்டாள். முற்றத்தில் அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டது. அவன் பதறிப்போய், பசை பட்ட விரலாலேயே மூடியை அமர்த்தி, விமானத்தைப் பெட்டிக்குள் தள்ளினான். பிறகு எடுத்துப் பார்த்தபோது கண்ணாடி கெட்டுப் போயிருந்தது. அன்றிரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

"இது ஊத்தையில்லை," என்றாள் டினோஜா. "உந்தப் பசை பிளாஸ்ரிக்கைக் கரைச்சுத்தான் ஒட்டும். கரைஞ்சு இளகின இடத்தில விரல் பட்டு, அப்பிடியே இறுகிட்டுது. தேய்ச்சாலும் போகாது. மண்ணுக்குள்ள வைச்சாலும் போகாது."

இரசாயனம் படித்துப் பட்டம் பெற்றவள் என்பதை ஊரில் பலர் மறந்திருந்தார்கள். அவள் இவ்வளவு நீளமாகப் பேசுவதே அபூர்வம்.

வஸீர் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். ரேகையின் குறுக்கே ஒரு வெட்டுக் கோடு ஓடியது. மீன்பிடிக்கும் தங்கூசி நூல் அறுத்த தழும்பு. அந்தப் பெருவிரல் அவன் கடையில் எத்தனையோ தரம் அந்தப் பழைய கம்பியூட்டரின் பொத்தான்களை அமர்த்தியது.

"அன்ரி இதைக் கண்டால்…"

"அதான்." அவள் விமானத்தைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "சொல்லாட்டில் நான் வைச்சிருக்கலாம் நானா. அவர் உடம்பில மிச்சமிருக்கிறது இவ்வளவுதான். மண்ணுக்குக் குடுக்க எனக்கு மனமில்லை."

வஸீர் மறுபடி கட்டிலில் வந்து இருந்தான்.

"அந்த விளையாட்டில ஒருக்கா," என்று தொடங்கினான். "அவன்ர சின்னப் படை ஒண்டு, எண்ணெய் முடிஞ்சு பாலைவனத்துக்குள்ள நிண்டிட்டுது. விடடா, ஒரு பெறுமதியும் இல்லை எண்டனான். கேக்கேல்ல. வெல்லப்போன ஆட்டத்தை விட்டுட்டு அதைக் கூட்டிக்கொண்டு வாறதிலயே நிண்டான். கடைசியில தோத்தான். தோத்துப்போட்டு, ஒருத்தனும் வெளியில நிக்கேல்லத்தானே எண்டு கேட்டுச் சிரிக்கிறான்."

டினோஜா விமானத்தின்மேல் துணியைப் போட்டுக் கையில் எடுத்தாள். எழுந்து கதவைத் திறந்தாள்.

அன்ரோனெற் பெட்டியடியில் தனியாக இருந்தாள். றோபோவின் செட்டையைத் துவாயால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா. அதை அண்ணா செய்யேல்ல."

"என்ன?"

"அது ஆரோ செய்தது. வஸீர் நானா வாங்கிக் குடுத்தவர்."

அன்ரோனெற் வஸீரைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்ப இவ்வளவு காலமும் துடைச்சனே."

"நீங்கள் துடைக்கிறதைப் பாக்க அவருக்கு விருப்பம். அதுதான் சொல்லேல்ல." டினோஜா கையிலிருந்ததை முன்னால் நீட்டினாள். "அவர் செய்தது இது."

துணி விலகியது. அன்ரோனெற் எழுந்த வேகத்தில் வாங்கு ஆடியது.

"எடு. வெளியால எடு. என்ர பிள்ளையின்ர பெட்டியடியில…" அவள் கை ஓங்கிவிட்டது.

"விரலைப் பாருங்கோ அம்மா. அண்ணான்ர விரல்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. டினோஜா விமானத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அன்ரோனெற் பார்க்க மறுத்தாள். பிறகு பார்த்தாள். குனிந்து, இன்னும் கிட்டப் பார்த்தாள்.

"குறுக்கால ஓடுறது…"

"தங்கூசி வெட்டினது."

"மஞ்சள் வைச்சுக் கட்டினது நான்," என்றாள் அன்ரோனெற். "மூண்டு நாள் கடலுக்குப் போகாதை எண்டனான். அடுத்த நாளே போனவன்."

தன் பெருவிரலைக் கொண்டுபோய் அந்த ரேகையின் மேல் வைத்தாள். எடுக்கவில்லை. குசினியில் றோஸ்மேரி கோப்பை கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றபிறகும் அவள் விரலை எடுக்கவில்லை.

"எப்பிடிப் பட்டது?"

"நீங்கள் வாற சத்தம் கேட்டு, அவசரத்தில."

அன்றைக்கு அன்ரோனெற் முதல்முதலாக அழுதது அப்போதுதான். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "உந்தப் பிளேனை சேமக்காலைக்குள்ள கொண்டுபோக விடமாட்டன். அங்க என்ர தம்பி படுத்திருக்கிறான். மூடியை மட்டும் கழட்டித் தா."

டினோஜா அண்ணனின் சின்னக் கத்தியை எடுத்து வந்தாள். நிலத்தில் அமர்ந்து, வஸீர் விமானத்தைப் பிடிக்க, விளிம்பைச் சுற்றிக் கத்தி நுனியை மெல்ல மெல்ல ஓட்டினாள். கண்ணாடி வெடித்தால் எல்லாம் போய்விடும். இடையில் நிறுத்தி, கத்தி நுனியைத் துடைத்தாள். மறுபடி தொடங்கினாள். கடைசியில் ஒரு மெல்லிய சத்தத்தோடு மூடி விட்டுக்கொடுத்தது.

அன்ரோனெற் திறந்த இடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு சின்ன ஆசனம். அதில் வார்களைக்கூடத் தீட்டியிருந்தான். ஆள் இல்லை.

"எல்லாத்துக்குள்ளும் ஆளை வைப்பன் எண்டு சொல்லுவானே. இதுக்குள்ள எங்க?"

டினோஜாவுக்கும் தெரியாது. அவள் வஸீரைப் பார்த்தாள்.

"நானும் கேட்டனான், அன்ரி," என்றான் அவன். "இதை இனி ஒருத்தரும் ஓட்டக்கூடாது எண்டவன்."

அன்ரோனெற் விமானத்தை வாங்கினாள். எறியப்போகிறாள் என்று டினோஜா நினைத்தாள். அம்மா அதைக் கொண்டுபோய், அலுமாரியைத் திறந்து, கீழ்த்தட்டில் மற்ற விமானங்களோடு வைத்துவிட்டு வந்தாள். றோபோவைத் தூக்கி மாதாவின் பக்கத்தில் பழைய இடத்திலேயே வைத்தாள். கண்ணாடி மூடியைத் தன் கையாலேயே பெட்டிக்குள் வைத்தாள், சேட்டுக் கழுத்துக்கு மேலே, வெள்ளைத் துணியில்.

பின்னேரம் கோயில் மணி முதல் தரம் அடித்தது. அடக்கத்தை நடத்தும் மூப்பரும் பெட்டி தூக்குகிறவர்களும் வந்தார்கள். மூப்பர் வழக்கப்படி, "முகம் பாக்கிற ஆக்கள் பாருங்கோ, மூடப்போறம்" என்று குரல் கொடுத்தார். கொடுத்தபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

"பிள்ளை, ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா," என்றாள் அன்ரோனெற். "பெட்டிக்குள்ள ஆளிருக்கெண்டு சொல்லு."

அப்பாவின் போன் வாசலடிக் கதிரையில் கிடந்தது. டினோஜாவும் வஸீரும் கடற்கரைக்கு ஓடினார்கள்.

மீன்வாடியடியில் அப்பாவின் வள்ளம் இல்லை. அது நின்ற இடத்திலிருந்து தண்ணீர் வரை மணலில் ஒரு நீண்ட பள்ளம் போயிருந்தது. தள்ளுவதற்குப் போட்ட உருளைகள் அங்கங்கே கிடந்தன.

வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒருவர், டினோஜா அப்பாவைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"கொப்பரோ? எஞ்சினை ஒருக்கா ஓட்டிப் பாக்கப்போறன் எண்டு சொன்னவர். நாங்கள்தான் தள்ளிவிட்டனாங்கள்." அவர் கையைத் தெற்கே காட்டினார். "உப்பிடியே சிலாவத்துறைப் பக்கம், வள்ளம் கவிண்டு கிடந்த பக்கம் போனார். வெகு நேரமாச்சு. அடக்கத்துக்கு வந்திடுவார் எண்டு நினைச்சம்."

காற்று எழும்பியிருந்தது. தூரத்தில் அலைகள் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தன. தெற்கே ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை.

"ஒருத்தனும் வெளியில நிக்கக்கூடாது," என்று வஸீர் தனக்குள் சொன்னது அவளுக்குக் கேட்டது.

அவர்கள் திரும்பி வந்தபோது மணி இரண்டாம் தரம் அடித்துக்கொண்டிருந்தது. ஃபாதர் படலையடியில் நின்றார். டினோஜா அம்மாவின் காதோடு சொன்னாள். அன்ரோனெற் கத்தவில்லை. திரும்பி வெறும் கதிரையைப் பார்த்தாள். குசினிப் பக்கம், மண்ணெண்ணெய்க் கான் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

மூப்பர் பெட்டியின் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காத்து கூடுது. ஃபாதரும் வந்திட்டார். மூடட்டோ, அன்ரோனெற்?"

காலையில் சந்தியோகு கை வைத்த அதே விளிம்பில் அவள் தன் கையை வைத்தாள்.

"மூடாதேங்கோ," என்றாள். "தேப்பன் இன்னும் முகம் பாக்கேல்ல."